விளக்கம் கோரல்

ஐயா,
உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது.
ஏழு நாளுக்குள் பதில் கேட்டிருந்தீர்கள்.
இன்று ஆறாம் நாள்.
ஐந்து நாளும் படிவத்தின் ஒரே பகுதியைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்:

'வீட்டில் பிரசவம் நிகழ்ந்தமைக்கான காரணம்.'
கீழே நான்கு தெரிவுகள்.
வாகனம் கிடைக்காமை. திடீர் வலி.
காலநிலை. அறியாமை.

வாகனம் இருந்தது ஐயா.
குருநகர் மாடிவீட்டின் கீழே
மூன்று சில்லிலும் காற்றோடு.
புருசன் ஜெறோம் சாவியில் கைவைத்தபடி
விடியும்வரை உள்ளே இருந்தான்.
பெரியாசுப்பத்திரி பத்து நிமிசம்.
படிகள் நாற்பத்திரண்டு.
அதற்கு முதல் ஞாயிறு, அவளளவு பாரம் நான்தான் என்று
என்னைப் பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி
அவனும் தமையனும் இறக்கிப் பார்த்தார்கள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் கதிரைக்கால் இடித்தது.
அங்கே கிடந்த வலைக்கட்டை அன்றே அகற்றினார்கள்.

வலி திடீரென்று வரவில்லை.
பின்னேரம் நாலு மணிக்கு, அவள்
யாரோ ஒருத்தியின் சட்டைக்குக் கை பொருத்துகையில்
சொல்லிக்கொண்டு வந்தது.
மற்றக் கையையும் தைத்து முடித்துவிட்டுத்தான்
எனக்கு அழைப்பெடுத்தாள்.

மழை இல்லை.

அறியாமை என்று அச்சடித்திருப்பதற்கு
கொன்சலா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மூத்தவனுக்குப் பதினொரு தையல், மிஸி.
தையல்காரி நான், எண்ணிப்போட்டன்.
வெட்டினது பிழையெண்டு சொல்லேல்ல.
வெட்டப்போறம் எண்டு ஒரு சொல்லு.
சட்டைத் துணியைக்கூட நான்
ஆக்களிட்டக் கேட்டுத்தானே வெட்டுறன்.
கத்தினனெண்டு துடையில அடி.
'அண்டைக்கு இனிச்சதோ' எண்டு ஒரு கேள்வி.
பக்கத்துக் கட்டில்காரியும் சிரிச்சவள்.
பாவம், அவளுக்கும் பயம்."

பெரியாசுப்பத்திரியைக் குறைசொல்ல எழுதவில்லை.
போன வருசம் ஒருத்தியை
என் வெள்ளைச் சட்டை முழுக்க அவளுடைய இரத்தத்தோடு
அங்கேதான் கொண்டு ஓடினேன்.
இப்போது பாசையூர்ச் சந்தையில் நண்டு விற்கிறாள்.
எனக்கும் விலை குறைக்கமாட்டாள்.
அதனால்தான் கொன்சலாவுக்கு
மூன்றுமுறை மாட்டேன் என்றேன்.
இரத்தம், அழுத்தம், பிள்ளை கிடக்கும் விதம்
எல்லாம் சரியாக இருந்தும் மாட்டேன் என்றேன்.
எனக்கு ஓய்வூதியத்துக்கு நாலு வருசம்.

நாலாம்முறை அவள் கேட்கவில்லை.
"நான் இஞ்சதான் பெறுவன்.
நீங்கள் நிண்டா ரெண்டுபேர்.
இல்லாட்டித் தனிய."
சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள்.

அந்த இரவை எழுதப் படிவத்தில் இடமில்லை.
நடந்தாள். நின்றாள்.
தையல் மெசினைப் பிடித்துக் குனிந்தாள்.
படு என்று யாரும் சொல்லவில்லை.
தொடமுன் ஒவ்வொருமுறையும்
"பாக்கட்டோ?" என்றேன்.
இருமுறை "இப்ப வேண்டாம்" என்றாள்.
இருபத்தேழு வருச வேலையில்
அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.
யாரும் சொல்லாததாலா
நான் கேளாததாலா
தெரியவில்லை.

மூன்று நாற்பதுக்குப் பெண்பிள்ளை.
நஞ்சுக்கொடி முழுதாக வந்தது,
விளக்கின்கீழ் விரித்துப் பார்த்தேன்.
வலை தொங்கும் கொளுக்கியில் தராசைக் கொளுவினேன்.
இரண்டு கிலோ எண்ணூற்றைம்பது.
தையல் இல்லை.
யன்னலால் ஜெறோமைக் கூப்பிட்டேன்.
அவன் பதறி
ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணிவிட்டான்.

ஐயா, நான்கு தெரிவுகளுக்கும் கீழே
பேனையால் ஒரு கட்டம் கீறியிருக்கிறேன்.
அடிமட்டம் கிடைக்கவில்லை, கொஞ்சம் கோணல்.
பக்கத்தில், 'தாய் விரும்பினாள்.'
உள்ளே புள்ளடி.

அச்சடித்த படிவத்தில் கீறியது குற்றமென்றால்
அதற்கும் விளக்கம் கேளுங்கள்.
ஏழு நாள் வேண்டாம்.

இப்படிக்கு,
ஞா. திலகேஸ்வரி
குடும்பநல மாது